தொட்டி நிரம்பியதும் சத்தம் போடும் சென்சார்

“தண்ணி வழியுது, மோட்டார ஆஃப் பண்ணுங்க!” எதிர்வீட்டு அக்கா இப்படிக் குரல் கொடுத்தால்தான் மொட்டைமாடித் தொட்டி நிரம்பிய விஷயம் எங்களுக்குத் தெரியும். அக்கா ஊரில் இல்லாத நாட்களில் கால் மணி நேரம்கூட ஓவர்ஃப்ளோ குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு கோடையில் போர் தண்ணீர் கீழே இறங்கி, சம்ப்பில் பாதித் தண்ணீர் சேர்வதற்கே இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிச் சேர்த்த தண்ணீர் தெருவில் ஓடுவதைப் பார்த்தபோது மனசு ஆறவில்லை. அன்றைக்குத்தான் தொட்டி நிரம்பியதும் சமையலறையில் சத்தம் போடுகிற மாதிரி ஒன்றைச் செய்வது என்று முடிவெடுத்தேன்.

கடையில் இதற்கென்றே கருவிகள் கிடைக்கின்றன. ஆனால் நாமே செய்துகொள்ளப் பெரிய செலவு ஆகாது. எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை. சர்க்யூட் பத்து நிமிட வேலைதான். தண்ணீருக்குள் தொங்கும் இரண்டு கம்பி முனைகளில்தான் உண்மையான வேலை இருக்கிறது. இந்தக் கட்டுரையிலும் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் அடிப்படை. ‘தண்ணீரில் கரண்ட் பாயும்’ என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருப்போம். எதுவும் கரையாத தூய தண்ணீர் என்றால் அது ஏறக்குறைய மின்சாரத்தைக் கடத்தாது. அதில் கரைந்திருக்கும் உப்புகள்தான் கடத்துகின்றன. கால்சியம் குளோரைடு, சோடியம் குளோரைடு போன்ற உப்புகள் தண்ணீரில் கரையும்போது பிளஸ் மின்னூட்டமும் மைனஸ் மின்னூட்டமும் கொண்ட அயனிகளாகப் பிரிந்துவிடும். இரண்டு கம்பிகளை உள்ளே விட்டு பேட்டரியை இணைத்தால் பிளஸ் அயனிகள் மைனஸ் கம்பியை நோக்கியும், மைனஸ் அயனிகள் பிளஸ் கம்பியை நோக்கியும் நகரும். தண்ணீருக்குள் ஓடும் மின்னோட்டம் என்பது இந்த நகர்வுதான்.

உப்பு எவ்வளவு வித்தியாசம் காட்டும் என்பதைப் பார்க்க ஒரு கணக்கு. ஒரு சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள ஒரு சின்னக் கட்டித் தண்ணீரை எடுத்து அதன் இரு பக்கங்களுக்கு இடையே மின்தடையை அளப்பதாக வைத்துக்கொள்வோம். ஆய்வகத்தில் தயாரிக்கும் மிகத் தூய நீர் என்றால் சுமார் 1.8 கோடி ஓம் இருக்கும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் அளவுக்கு உப்பு கரைந்த குழாய்த் தண்ணீர் என்றால் சுமார் 2,000 ஓம். கடல் தண்ணீர் என்றால் சுமார் 20 ஓம்தான். வாட்டர் ஃபில்டர் விற்க வருகிறவர் பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணீரில் நனைத்து டிடிஎஸ் எவ்வளவு என்று சொல்வாரே, அந்த மீட்டரும் உப்பை எண்ணுவதில்லை. இரண்டு முனைகளுக்கு இடையே தண்ணீர் எவ்வளவு நன்றாகக் கடத்துகிறது என்று அளந்து, அதை உப்பின் அளவாக மாற்றிச் சொல்கிறது. நாம் செய்யப்போகும் சென்சார் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. எவ்வளவு உப்பு என்ற கேள்வி நமக்குத் தேவையில்லை. தண்ணீர் முனைகளைத் தொட்டுவிட்டதா, இல்லையா என்று தெரிந்தால் போதும்.

சுருக்கமாகச் சொன்னால், தண்ணீர் என்பது ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்னோட்டத்தைத் தடுத்து அளவாக விடும் பாகம். தொட்டி காலியாக இருக்கும்போது இரண்டு கம்பிகளுக்கு நடுவில் காற்று மட்டும்தான் இருக்கும், அங்கே மின்னோட்டம் ஓடாது. தண்ணீர் ஏறி இரண்டையும் தொட்டதும் நடுவில் ஒரு ரெசிஸ்டரைப் பொருத்தியது போல ஆகிவிடும். வீட்டுத் தண்ணீரின் உப்பு, முனைகளின் நீளம், இடைவெளி ஆகியவற்றைப் பொறுத்து அதன் மதிப்பு சில ஆயிரம் ஓமிலிருந்து பல பத்தாயிரம் ஓம் வரை இருக்கும். இனி வரும் கணக்குகளுக்கு 10 கிலோ ஓம், அதாவது பத்தாயிரம் ஓம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மல்டிமீட்டர் இருந்தால் இதை நீங்களே பார்க்கலாம். மூன்று டம்ளர் எடுத்து, ஒன்றில் ஆர்ஓ தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் ஒரு சிட்டிகை உப்புப் போட்ட தண்ணீர் வையுங்கள். மீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு முனைகளையும் ஒரே இடைவெளியில் நனைத்துப் பாருங்கள். மூன்றிலும் மூன்று எண் வரும். இன்னொன்றையும் கவனிப்பீர்கள்: எண் ஒரு இடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். மீட்டரில் கோளாறு எதுவும் இல்லை. மீட்டர் அளப்பதற்காக அனுப்பும் சின்ன மின்னோட்டமே முனைகளின் மேல் வேதிமாற்றத்தை உண்டாக்குகிறது. முனையில் நடக்கும் இந்த மாற்றத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் இது பெரிய விஷயமாக வரப்போகிறது.

சரி, தண்ணீர் ஒரு ரெசிஸ்டர் என்றால், பேட்டரி, தண்ணீர், சத்தம் போடும் பஸ்ஸர் மூன்றையும் வரிசையாக இணைத்துவிட்டால் போதாதா? போதாது. பஸ்ஸருக்கு 10 முதல் 20 மில்லிஆம்பியர் வேண்டும். 9 வோல்ட் பேட்டரியிலிருந்து 10 கிலோ ஓம் தண்ணீர் வழியாக 0.9 மில்லிஆம்பியருக்கு மேல் வராது. இந்தச் சின்ன மின்னோட்டத்தை வைத்துப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிட வேண்டும். அந்த வேலைக்குத்தான் டிரான்சிஸ்டர்.

ஏரி மதகைப் பார்த்திருப்பீர்கள். மேலே நின்று ஒருவர் கைப்பிடியைச் சுற்றினால் கீழே பலகை உயர்ந்து வாய்க்கால் நிறையத் தண்ணீர் பாயும். பாய்கிற தண்ணீரின் வேகம் அவருடைய கையிலிருந்து வருவதில்லை, ஏரியிலிருந்து வருகிறது. அவர் செய்வது திறந்துவிடுவது மட்டும்தான். டிரான்சிஸ்டரும் இப்படித்தான். அதற்கு மூன்று கால்கள். பேஸ் என்ற காலுக்குள் சின்ன மின்னோட்டம் போனால், கலெக்டர் காலிலிருந்து எமிட்டர் காலுக்குப் பெரிய மின்னோட்டம் பாய வழி திறக்கும். பெரிய மின்னோட்டத்தைக் கொடுப்பது பேட்டரிதான். நாம் பயன்படுத்தப்போகும் பிசி 547 என்ற டிரான்சிஸ்டர் பேஸ் மின்னோட்டத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல் கலெக்டர் வழியாக விடும். ஒன்றுக்கொன்று இந்த எண் மாறும், 800 வரைகூடப் போகும். அதனால் கணக்குப் போடும்போது குறைந்தபட்சமாக நூறு என்று வைத்துக்கொள்வதே நல்லது.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. சென்னையில் ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும், மற்ற ஊர்களில் டிவி, ரேடியோ பழுதுபார்க்கிறவர்களிடம் கேட்டாலே அநேகமாகக் கிடைத்துவிடும். பிசி 547 டிரான்சிஸ்டர் இரண்டு, ஒரு சிவப்பு எல்இடி, ஒரு பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி, அதற்கான கிளிப், ஒரு சின்ன சுவிட்ச், கொஞ்சம் ரெசிஸ்டர்கள், ஒரு பிரெட்போர்டு (ஈயம் வைத்து ஒட்டாமல் பாகங்களைச் செருகியே இணைக்கும் துளைப் பலகை). பஸ்ஸர் வாங்கும்போது பேட்டரியைத் தொட வைத்தாலே தானாகச் சத்தம் போடுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம் மட்டும் வந்தால் அது வேறு வகை, நமக்கு ஆகாது. அதன் மேல் 3 முதல் 24 வோல்ட் வரை என்று போட்டிருப்பது மிகவும் வசதி.

இப்போது இணைப்பு. பிரெட்போர்டில் ஒரு வரிசையில் இருக்கும் ஐந்து துளைகளும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை. அதனால் டிரான்சிஸ்டரின் மூன்று கால்களையும் மூன்று வெவ்வேறு வரிசைகளில் செருகுங்கள். பிசி 547-இன் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடப்பக்கம் கலெக்டர், நடுவில் பேஸ், வலப்பக்கம் எமிட்டர். கடைக்காரர் 2என்3904 என்ற வேறொன்றைக் கொடுத்தால் அதிலும் இந்த சர்க்யூட் வேலை செய்யும், ஆனால் அதில் கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறியிருக்கும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு வேலை செய்யாமல் போவதற்கு இதுவே அடிக்கடி காரணமாகிறது.

பேட்டரியின் மைனஸ் கம்பியை எமிட்டருக்குக் கொடுங்கள். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (பழுப்பு, கறுப்பு, சிவப்பு), அங்கிருந்து எல்இடியின் நீளமான கால், எல்இடியின் குட்டைக் கால் கலெக்டருக்கு. பஸ்ஸரின் பிளஸ் கால் நேராகப் பேட்டரி பிளஸ்ஸுக்கு, மைனஸ் கால் கலெக்டருக்கு. மதகின் பெரிய வாய்க்கால் இதுதான்.

அடுத்து கைப்பிடி. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு கம்பி தண்ணீருக்குப் போக வேண்டும். தண்ணீரிலிருந்து இன்னொரு கம்பி திரும்பி வந்து, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் (பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு) வழியாகப் பேஸ் காலுக்குச் சேர வேண்டும். இந்த ரெசிஸ்டரை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். இரண்டு கம்பிகளும் தவறுதலாக ஒன்றையொன்று தொட்டுவிட்டால் 9 வோல்ட்டும் நேரே பேஸில் இறங்கி டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். ரெசிஸ்டர் இருந்தால் 0.83 மில்லிஆம்பியருக்கு மேல் போகாது. கடைசியாக, பேஸிலிருந்து மைனஸுக்கு ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் (பழுப்பு, கறுப்பு, மஞ்சள்). இது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டு கம்பி முனைகளையும் டம்ளர் தண்ணீரில் நனையுங்கள். எல்இடி எரிந்து, பஸ்ஸர் கத்தும். கணக்கும் அதையே சொல்கிறது. டிரான்சிஸ்டர் திறக்க பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 0.7 வோல்ட் தேவை. மீதி 8.3 வோல்ட். நடுவில் தண்ணீர் 10 கிலோ ஓம், ரெசிஸ்டர் 10 கிலோ ஓம், மொத்தம் 20. ஆக பேஸுக்குள் போவது சுமார் 0.4 மில்லிஆம்பியர். அதை நூறால் பெருக்கினால் 40. எல்இடிக்கு 7, பஸ்ஸருக்கு 20 என்றாலும் தாராளமாகப் போதும். முனைகளைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டு ஈர விரலால் இரண்டையும் சேர்த்துத் தொட்டுப் பாருங்கள், எல்இடி மங்கலாக எரியக்கூடும். 9 வோல்ட் பேட்டரிதான் என்பதால் தைரியமாகத் தொடலாம்.

முதல் முறை இதைச் செய்து முடித்தபோது எனக்குக் கால் தரையில் படவில்லை. சாதாரண செம்புக் கம்பியையே முனையாக விட்டு, தொட்டி மூடியிலிருந்து தொங்கவிட்டேன். அருமையாக வேலை செய்தது. மூன்றாவது வாரம் பஸ்ஸர் கத்தவில்லை, அக்காவின் குரல்தான் மறுபடி கேட்டது. மேலே ஏறிக் கம்பியை இழுத்துப் பார்த்தேன். மைனஸ் பக்கம் போன கம்பி கொஞ்சம் கறுத்திருந்ததே தவிர முழுசாக இருந்தது. பிளஸ் பக்கத்துக் கம்பி, பிளாஸ்டிக் உறை முடிகிற இடம் வரைக்கும் இல்லை. உறையின் வாயில் பச்சையும் நீலமும் கலந்த பொடி கொஞ்சம் ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்ததும் உதிர்ந்துவிட்டது.

அந்தச் செம்பு தண்ணீரில் கரைந்துபோயிருந்தது. மின்சாரம் ஒரே திசையில் தண்ணீர் வழியாக ஓடினால், பிளஸ் முனையில் இருக்கும் உலோகம் அணு அணுவாக அயனியாகி வெளியேறும். மைனஸ் முனையில் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் குமிழி குமிழியாக வரும். முலாம் பூசும் பட்டறைகளில் வேண்டுமென்றே செய்யும் வேலையேதான். எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு உலோகம் என்று மைக்கேல் ஃபாரடே 1830-களிலேயே அளந்து விதியாகச் சொல்லிவிட்டார். அந்த விதிப்படி, 0.4 மில்லிஆம்பியர் ஒரு நாள் முழுக்க ஓடினால் அதிகபட்சம் 11 மில்லிகிராம் செம்பு கரையும். கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் பல இழைகள் சேர்ந்த கம்பியில் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு இழை, ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு 3 மில்லிகிராம்கூட வராது. தொட்டி நிரம்பிய பிறகும் முனைகள் தண்ணீரிலேயே கிடந்தால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு இழைகள் போய்விடும். கரைந்த செம்பு எங்கே போகிறது? நாம் பல் தேய்க்கும் தண்ணீருக்குள். இதுதான் எனக்கு உறுத்தியது.

நீங்களும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரில் இரண்டு செம்புக் கம்பிகளை ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, நேரடியாக 9 வோல்ட் பேட்டரியில் இணையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மைனஸ் கம்பியின் மேல் ஊசிமுனை அளவில் குமிழிகள் ஒட்டத் தொடங்கும். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் பிளஸ் கம்பியின் பளபளப்பு போயிருக்கும். அந்தத் தண்ணீரைச் செடிக்குக்கூட ஊற்றாமல் கொட்டிவிடுங்கள்.

கடைகளில் சிவப்பு நிறத்தில், சீப்பு மாதிரிக் கோடுகள் போட்ட வாட்டர் சென்சார் பலகை கிடைக்கும். பயிற்சிக்கு நல்லது. ஆனால் எந்நேரமும் மின்சாரம் கொடுத்தபடி தண்ணீரில் விட்டால் அதன் மெல்லிய கோடுகளுக்கும் இதே கதிதான். அதனால் தொட்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வழி மூன்று இருக்கிறது. மின்னோட்டத்தைக் குறைக்கலாம், அது ஓடும் நேரத்தைக் குறைக்கலாம், சீக்கிரம் கரையாத உலோகத்தைப் போடலாம். மூன்றையும் சேர்த்தே செய்வது உத்தமம்.

மின்னோட்டத்தைக் குறைக்கத்தான் இரண்டு டிரான்சிஸ்டர் வாங்கச் சொன்னேன். முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டரைப் பேட்டரி மைனஸிலிருந்து கழற்றி இரண்டாவதின் பேஸில் இணையுங்கள். இரண்டு கலெக்டர்களையும் ஒன்றாகச் சேருங்கள். இரண்டாவதின் எமிட்டர் பேட்டரி மைனஸுக்குப் போகும். ஒரு மதகின் கைப்பிடியை இன்னொரு சின்ன மதகின் தண்ணீரே சுற்றுவது மாதிரி இது. இந்த ஜோடிக்கு டார்லிங்டன் என்று பெயர். ஒவ்வொன்றும் நூறு மடங்கு என்றால் இரண்டும் சேர்ந்து பத்தாயிரம் மடங்கு. இதற்கு சில மைக்ரோஆம்பியர் (ஒரு மில்லிஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கொடுத்தாலே போதும். ஆகவே பேஸுக்குப் போகும் வழியில் 10 கிலோ ஓமை எடுத்துவிட்டு, 10 லட்சம் ஓம் ரெசிஸ்டரைப் போடலாம் (பழுப்பு, கறுப்பு, பச்சை, கடையில் ‘ஒன் மெக்’ என்று கேட்க வேண்டும்). பேஸிலிருந்து மைனஸுக்குப் போட்ட 100 கிலோ ஓமை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள், இவ்வளவு சின்ன மின்னோட்டம் முழுவதையும் அதுவே வடித்துவிடும். ஜோடி திறக்க 1.3 வோல்ட் தேவை, மீதி 7.7 வோல்ட், மொத்தத் தடை 10 லட்சத்துச் சொச்சம். தண்ணீருக்குள் ஓடுவது 8 மைக்ரோஆம்பியருக்கும் கீழே. முன்பு ஓடியதில் ஐம்பதில் ஒரு பங்கு. சத்தத்தில் எந்தக் குறையும் இல்லை.

நேரத்தைக் குறைக்க ஒரு சுவிட்ச் போதும், ஆனால் அதை எங்கே போடுகிறோம் என்பது முக்கியம். பஸ்ஸருக்குப் போகும் கம்பியில் சுவிட்சைப் போட்டால் காதுக்கு நிம்மதி கிடைக்கும், பேட்டரியும் மிஞ்சும். ஆனால் தண்ணீர் வழியாக மின்னோட்டம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், முனை கரைந்துகொண்டேதான் இருக்கும். பேட்டரியின் பிளஸ் கம்பியிலேயே போட்டால் மூன்றும் நிற்கும். மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இந்தப் பெட்டியை மாட்டிவிட்டேன். மோட்டார் போடும்போது இதையும் போட வேண்டும், சத்தம் வந்ததும் இரண்டையும் அணைக்க வேண்டும். அம்மாவுக்கு இரண்டு நாளில் பழகிவிட்டது. ஒரு நாளைக்கு முனையில் மின்சாரம் ஓடுவது இப்போது அரை நிமிடம் இருந்தால் அதிகம்.

உலோகத்துக்கு எவர்சில்வர். சைக்கிள் கடையில் எவர்சில்வர் ஸ்போக்ஸ் இரண்டு வாங்கினால் நேராக, உறுதியாக, வேண்டிய நீளத்தில் அருமையான முனைகள் கிடைத்துவிடும். எவர்சில்வர் நீளப் போல்ட்டும் ஆகும். எவர்சில்வரில் சாதாரண சால்டர் ஈயம் ஒட்டாது, அதற்காகப் போராட வேண்டாம். எலக்ட்ரிக் கடையில் விற்கும் திருகு வைத்த பிளாஸ்டிக் கனெக்டரில் ஒரு பக்கம் ஸ்போக்ஸ், மறுபக்கம் கம்பி என்று முடுக்கிவிடுங்கள். அந்த இணைப்பு எப்போதும் தண்ணீருக்கு மேலேயே இருக்க வேண்டும். ஈரம் படாமல் எம்-சீல் வைத்து மூடிவிடுங்கள். செம்பும் எவர்சில்வரும் சேருமிடத்தில் ஈரம் பட்டால் பேட்டரி இல்லாமலேயே அரிப்பு தொடங்கிவிடும். ஈயம் வைத்து ஒட்டிய எந்த இணைப்பையும் குடிக்கவோ சமைக்கவோ பயன்படும் தண்ணீரில் நனைய விடாதீர்கள்.

ஸ்போக்ஸ் இரண்டையும் பிடித்து நிறுத்த, பழைய பிவிசி குழாயிலிருந்து ஒரு பட்டையை வெட்டி, மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு துளை போட்டேன். பட்டை தொட்டி மூடிக்கு அடியில் இருக்கும், ஸ்போக்ஸ் இரண்டும் கீழே தொங்கும். முனைகள் ஓவர்ஃப்ளோ குழாய்க்கு நான்கு விரற்கடை கீழே இருக்கும்படி நீளத்தைச் சரிசெய்யுங்கள். சத்தம் கேட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வந்து சுவிட்சைத் தட்ட அந்த இடைவெளி அவகாசம் கொடுக்கும்.

இதற்குப் பிறகு ஒரு தொல்லை வரும், எனக்கும் வந்தது. தொட்டி பாதிகூட நிரம்பாத நேரத்தில் பஸ்ஸர் லேசாக முனகும். காரணம் பட்டையில் படிந்த ஈரம். மூடிக்கு அடியில் ஆவி குளிர்ந்து மெல்லிய நீர்ப்படலமாகப் படியும். அந்தப் படலமும் ஒரு ரெசிஸ்டர்தான். பல லட்சம் ஓம் இருந்தாலும் பத்தாயிரம் மடங்கு பெருக்கும் ஜோடிக்கு அதுவே போதும். பின்னால் சொல்கிறேன் என்ற ரெசிஸ்டருக்கு இங்கேதான் வேலை. பேஸிலிருந்து மைனஸுக்குப் போகும் அந்த ரெசிஸ்டர், வருகிற மின்னோட்டத்தில் கொஞ்சத்தைத் தன் வழியாக வடித்துவிடும். அதை மீறி வருவதுதான் டிரான்சிஸ்டரைத் திறக்கும். டார்லிங்டன் ஜோடிக்கு, எடுத்துவிட்ட 100 கிலோ ஓமுக்குப் பதிலாக, முதல் டிரான்சிஸ்டரின் பேஸிலிருந்து மைனஸுக்கு 4.7 லட்சம் ஓம் (மஞ்சள், ஊதா, மஞ்சள்) போட்டால், வடிவது சுமார் 3 மைக்ரோஆம்பியர். முனைகளுக்கு இடையே தடை ஏறத்தாழ 17 லட்சம் ஓமுக்குக் கீழே இறங்கினால்தான் சத்தம் வரும். உண்மையான தண்ணீருக்கு இது பெரிய தடையே இல்லை, ஈரப்படலத்தை ஒதுக்கிவிடும். அதற்கும் கேட்காத அளவுக்கு ஈரம் இருந்தால் இந்த மதிப்பைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, தண்ணீர் வந்து விழும் குழாய்க்குப் பக்கத்தில் முனைகளை வைத்தால் தெறிக்கும் துளிகள் தொடும்போதெல்லாம் ‘கீச் கீச்’ என்று கத்தும். எதிர் மூலையில் வையுங்கள். அதோடு அதே பேஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) ஒன்றைப் போடுங்கள், மைனஸ் கோடு போட்ட கால் மைனஸ் பக்கம் வரும்படி. தண்ணீர் ஓரிரு நொடி தொடர்ந்து தொட்டால்தான் இனிச் சத்தம் வரும். மாடியிலிருந்து சமையலறைக்கு வரும் நீளக் கம்பி, பக்கத்தில் ஓடும் வீட்டு ஒயரிங்கிலிருந்து இரைச்சலை இழுத்துக்கொண்டு வரும், அதையும் இந்தக் கெப்பாசிட்டர் அடக்கிவிடும். கம்பியின் நீளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 20 மீட்டர் கம்பியின் தடை சில ஓம்தான். 10 லட்சம் ஓமுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

சில மாதத்துக்கு ஒருமுறை முனைகளை எடுத்துப் பாருங்கள். போர் தண்ணீர் என்றால் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தாது, கெட்டியாகப் படிந்தால் சென்சார் செவிடாகிவிடும். எலுமிச்சைத் தோலால் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவினால் போய்விடும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த சர்க்யூட்டைப் பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். பேட்டரி அடிக்கடி வாங்க வேண்டியிருக்கிறதே என்று செல்போன் சார்ஜரிலோ மலிவான அடாப்டரிலோ இணைக்க ஆசை வரும். அந்த அடாப்டருக்குள் 230 வோல்ட்டையும் நம்மையும் பிரித்து வைத்திருக்கும் பகுதி தரமில்லாமல் இருந்து பழுதானால், மின்சாரம் நேரே தொட்டித் தண்ணீருக்கு வரும். அந்தத் தண்ணீர் குளியலறைக் குழாய்க்கு வருகிறது. இதில் விளையாடவே கூடாது. உண்மையில் பேட்டரி செலவும் அவ்வளவு இல்லை. தண்ணீர் தொடாத நேரத்தில் இந்த சர்க்யூட் எடுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய பூஜ்யம்தான். மோட்டாரே தானாக நிற்க வேண்டும் என்று அடுத்த ஆசை வந்தால், ரிலே (சின்ன மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்துச் செய்யலாம், ஆனால் அந்தப் பக்கத்து வேலையைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

அர்டுயினோ (புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன எலக்ட்ரானிக்ஸ் பலகை) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளஸ் முனையை நிரந்தரமான 5 வோல்ட்டில் இணைக்காமல், ஒரு டிஜிட்டல் பின்னில் இணையுங்கள். பத்து நொடிக்கு ஒருமுறை அந்தப் பின்னை ஆன் செய்து, ஐந்து மில்லிநொடி பொறுத்து, மறுமுனையை அனலாக் பின்னில் படித்துவிட்டு, உடனே ஆஃப் செய்துவிடுங்கள். மறுமுனையிலிருந்து மைனஸுக்கு ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வறண்ட நிலையில் எண் கண்டபடி அலையும். படிக்கும் எண் 0 முதல் 1023 வரை வரும். காய்ந்திருக்கும்போது என்ன எண், நனைந்திருக்கும்போது என்ன எண் என்று உங்கள் வீட்டுத் தண்ணீரிலேயே எழுதி வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு எல்லையை வையுங்கள். இந்த முறையில் மின்சாரம் ஓடும் நேரம் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான், முனை நெடுங்காலம் வரும்.

இதே சர்க்யூட்டை வாஷிங் மெஷினுக்கு அடியிலும், சிங்க் அலமாரிக்குள்ளும் கசிவு பார்க்க வைக்கலாம். அங்கே தண்ணீர் தரையில் மெல்லிசாகத்தான் பரவும் என்பதால் முனைகள் தரையைத் தொட்டபடி கிடக்க வேண்டும், அதற்கு இரண்டு எவர்சில்வர் போல்ட்டைத் தலைகீழாக ஒரு பிளாஸ்டிக் மூடியில் முடுக்கி வைத்தாலே போதும். கெப்பாசிட்டர் அங்கே தேவையில்லை.

தொட்டியில் மாட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க வாளியில் வைத்துப் பாருங்கள். வாளியை மெதுவாக நிரப்பி, எந்த இடத்தில் சத்தம் வருகிறது, தண்ணீரை இறைத்தால் எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கடைசிச் சொட்டுகளால் நிற்கும் இடம் கொஞ்சம் கீழேதான் இருக்கும், அது இயல்பு. அப்புறம் மாடிக்குப் போங்கள். கம்பியைக் கொடியில் துணி காயப்போடும் பக்கமாக இழுக்காமல், குழாயை ஒட்டியே கட்டி இறக்குங்கள். முதல் தடவை மோட்டார் போடும்போது மட்டும் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒருவர் நின்று பார்க்கட்டும்.